உப்புக் கரையில் ஒரு கட்டில்

மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கிறான். அறுபது வயது நிரம்பிய ஒருவர், கணக்குப் பார்த்தால், இருபது வருஷ காலம் படுக்கையில் கிடந்தவராவார். இத்தனை காலம் நம்மைச் சுமக்கும் சாமானை வாங்கும்போது நாம் செலுத்தும் யோசனையோ, ஒரு பட்டுச் சேலைக்குச் செலுத்தும் யோசனையில் பாதிகூட இருப்பதில்லை. கல்யாணச் சீரில் வந்தது என்று ஒரு கட்டில் வீட்டிற்குள் நுழைகிறது. இடத்தை அடைக்கிறது என்று மற்றொன்று பரண்மேல் ஏறுகிறது. விருந்தினர் வரப்போகும் நாளில் மூன்றாவது ஒன்றை அவசர அவசரமாக வாங்கி வருகிறோம். இப்பொழுதோ கடைக்குப் போகும் சிரமமும் இல்லை. கைப்பேசியில் படத்தைப் பார்த்து விரலால் தொட்டால் போதும். சில நாட்களில் கட்டில் துண்டு துண்டாக ஓர் அட்டைப் பெட்டிக்குள் வந்து சேருகிறது. அதைக் கட்டிலாக்குவது நம் பொறுப்பு.

கடைக்காரர் காட்டும் படம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் எல்லா ஊரின் காற்றும் ஒன்றல்ல. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. இப்பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டில் வேறு சிலவும் உண்டு. நாம் குறிப்பது மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால், ஆந்திரக் கரையிலிருந்து தெற்கே வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிவடையும் மரக்காணத்தை அடைகிறோம். அங்கே வெயில் காலத்தில் உப்புப் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைக்கின்றன. தூத்துக்குடியும் வேதாரணியமும் போல் உப்புக்குப் பேர் பெற்ற கரை இது. இவ்வட்டாரத்துக் குடும்பம் ஒன்று கட்டில் வாங்கப் புறப்பட்டால், கோயம்புத்தூர்க் குடும்பம் கேட்காத கேள்விகள் சிலவற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அக்கேள்விகளை நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது மற்ற ஊர்க்காரர்களுக்கும் நஷ்டமாகாது.

தரையா, கட்டிலா?

பாயை விரித்துத் தரையில் படுப்பது நம் நாட்டு வழக்கம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. கோடை இரவில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சிக்கு எந்த மெத்தையும் ஈடாகாது என்று சொல்பவர்கள் பலர். ஆயினும் வயலும் ஏரிக்கரையும் வைக்கோற்போரும் சூழ்ந்த கிராமத்தில், தரைப் படுக்கையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

கட்டுவிரியன் என்னும் பாம்பு இரவில் நடமாடுவது. எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் நுழையும். தரையில் உறங்குபவர் புரண்டு படுக்கும்போது அதன்மேல் கை பட்டால் கடித்துவிடும். அதன் கடியில் பெரும்பாலும் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. எறும்பு கடித்தது என்று எண்ணி மறுபடி உறங்கிவிடுவோர் உண்டு. விடியற்காலையில் வயிற்று வலியும், இமை தூக்க முடியாத தளர்ச்சியும் கண்டு, பின்பு மூச்சே நின்றுவிடும் நிலை வந்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

கட்டுவிரியனுக்கு எதிராக ஏழைக் குடும்பமும் செய்துகொள்ளக்கூடிய காப்பு இரண்டு: தரையை விட்டு உயர்ந்த கட்டில், அதன் மெத்தைக்கடியில் சுற்றிலும் நன்றாகச் செருகிய கொசுவலை. போர்வையும் வலையும் தரையில் தொங்கலாகாது. தொங்கினால் அதுவே ஏணியாகிவிடும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதும் நல்லது. இவ்வளவு ஜாக்கிரதைக்கும் மேல் கடி நேர்ந்துவிட்டால், கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது முதலியவற்றில் காலம் போக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். அம்மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்கள் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், இருளர் மக்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தார் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

பாம்பு ஒரு காரணம். முதுமை மற்றொன்று. முழங்கால் தேய்ந்த பாட்டி தரையிலிருந்து எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது. பிரசவித்த பெண், சிகிச்சை முடிந்து திரும்பியவர், மூச்சிரைப்பு உள்ளவர் ஆகியோருக்கும் கட்டில் ஆடம்பரமல்ல. இவர்களுக்குக் கட்டிலின் உயரமே முக்கியம். மெத்தையோடு சேர்த்து 18 அங்குலம் முதல் 20 அங்குலம் வரை இருந்தால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுவதும் பதிய வேண்டும், இதுவே பரீட்சை. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று தாழ்ந்த கட்டிலைத் தாத்தாவுக்கு வாங்கித் தருவது, அவரை மறுபடி தரையில் படுக்க வைப்பதற்கே சமானம்.

உப்புக் காற்றின் வேலை

மழைநாளில் சமையலறை உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து நீர் விட்டிருக்கும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கை மீறினால் உப்பு அந்த ஈரத்தைத் தானே இழுத்து நீராகிவிடும் என்பது ரஸாயன சாஸ்திரம் கண்ட உண்மை. பாத்தியிலிருந்து வரும் கல்லுப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசிகிறது. இதே காரியம் நம் கட்டிலின் மூட்டுக்குள்ளும் நடைபெறுகிறது. கடற்காற்று கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளைக் கொண்டுவந்து திருகாணியின் தலையிலும், கீலின் இடுக்கிலும், பலகையின் வெட்டு வாயிலும் படிய வைக்கிறது. விடியற்காலை ஈரத்தில் அத்துகள் நீராகிறது. உப்புநீரில் நனைந்த இரும்பு, நல்ல நீரில் நனைந்த இரும்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். நண்பகலில் காய்ந்து, மறுநாள் விடியலில் மீண்டும் நனைகிறது. இப்படி வருஷம் முழுவதும் நடந்தால் எந்த ஆணி தாங்கும்?

எனவே உப்புக் கரையில் கட்டிலின் ஆயுள், அதன் மரத்தின் ஆயுளன்று, மூட்டின் ஆயுளே. தேக்குச் சட்டம் நூறு வருஷம் நிற்கலாம். அதைப் பிணைக்கும் மட்டரக இரும்புத் திருகாணி சில வருஷத்தில் தூளாகிவிடும். அதன் பிறகு கட்டில் முனக ஆரம்பிக்கும். ‘கட்டில் பழசாகிவிட்டது’ என்று அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்குகிறோம். பழசானது ஆணியேயன்றிக் கட்டில் அல்ல.

ஆணியைப் பற்றிச் சில குறிப்புகளைக் கடைக்குப் போகுமுன் மனத்தில் வைத்துக்கொள்வது நலம். பளபளவென்று மெல்லிய பூச்சுப் பூசிய ஆணி ஊர்நடுவே போதும். கடலை நெருங்க நெருங்கப் போதாது. உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த கனத்த பூச்சுடையது அதைவிட மேல். துருப்பிடிக்காத எஃகு என்று விற்பதிலும் தரம் உண்டு: 304 என்ற தரம் சாதாரண வீட்டிற்குத் தகும், கடற்கரைக்கு மாலிப்டினம் கலந்த 316 என்ற தரமே சிறந்தது. பித்தளையும் நல்லதுதான். ஆனால் பித்தளையையும் வெறும் இரும்பையும் ஒரே மூட்டில் சேர்க்கலாகாது. உப்பு ஈரம் பட்டால் பித்தளையின் சேர்க்கையே இரும்பை விரைவில் அரித்துவிடும். கட்டிலோடு வந்த ஆணிகள் மட்டமாகத் தோன்றினால், அதே அளவில் நல்லவற்றை ஹார்டுவேர் கடையில் தனியே வாங்கி மாற்றிக்கொள்ளலாம். கட்டிலின் விலையோடு ஒப்பிட்டால் இச்செலவு சொற்பம்.

மரமும் இரும்பும் தூள்பலகையும்

இரும்புக் கட்டிலுக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம் இரும்புக் கட்டில்களைச் செய்து தேச தேசங்களுக்கு அனுப்பியது. மரக்கட்டிலின் இடுக்குகளில் குடிபுகும் மூட்டைப்பூச்சிக்கு இரும்பில் இடம் இல்லை என்பதே அதன் பெருமை. இன்றைக்கு ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் அதுவே வழங்குகிறது. உப்புக் கரையில் இரும்புக் கட்டில் வாங்குவோர் வண்ணப் பூச்சைக் கவனிக்க வேண்டும். குழாயின் வெளிப்புறத்தை அழகாகப் பூசியிருப்பார்கள். உட்புறம் வெறும் இரும்பாகவே இருக்கும். குழாயின் வாயில் மூடி இல்லாவிட்டால் ஈரம் உள்ளே புகுந்து உள்ளிருந்தே தின்றுவிடும். பற்றவைத்த இடங்களிலும் கீறல் விழுந்த இடங்களிலும் துரு தொடங்கிப் பூச்சுக்கு அடியிலேயே பரவும். கீறலைக் கண்ட அன்றே துருவைத் தேய்த்து வண்ணம் தீட்டிவிட்டால் கட்டில் பல வருஷம் உழைக்கும்.

பெட்டியில் வரும் கட்டில்களில் பல, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையால் ஆனவை. மேலே ஒட்டிய காகிதம் தேக்குப் போலவே வரி காட்டும். உலர்ந்த அறையில், இடம் பெயர்க்காமல் வைத்திருந்தால் அது நாள்பட உழைக்கும். ஆனால் ஈரம் குடித்தால் தூள்பலகை ஊதிவிடும். ஊதியது மறுபடி இறுகுவதில்லை. ஒருமுறை கழற்றிய திருகாணி அதே துளையில் மறுபடி பிடிப்பதும் அருமை. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. வெள்ளம் புகுந்த வீட்டில் தேக்குக் கட்டிலை வெயிலில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். தூள்பலகைக் கட்டில் கூழாகிவிடும். ஒட்டுப்பலகை வாங்குவதானால் ஈரம் தாங்கும் தரமாகவும் இந்திய தரநிர்ணயக் குறி உடையதாகவும் பார்த்து வாங்க வேண்டும். 303 என்ற எண்ணின் கீழ் வருவதில் ஈரம் தாங்கும் வகை உண்டு. 710 என்பது கடல்நீருக்கென்றே வகுத்த தரம்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தமிழனுக்கு இரண்டு அழகிய சொற்கள் உண்டு: வயிரம், வெளிறு. வயிரம் என்பது மரத்தின் உள்ளே முதிர்ந்த கெட்டிப் பாகம். வெளிறு என்பது வெளிப்புறத்து இளம்பாகம். பூச்சி துளைப்பதும் ஈரம் குடிப்பதும் பெரும்பாலும் வெளிற்றையே. இளந்தேக்கில் வெளிறு மிகுதி. ‘தேக்கு’ என்ற பெயருக்காகவே அதிக விலை கொடுப்பதில் பயன் இல்லை. முதிர்ந்த வேம்பு அதைவிட நன்மை தரும். கறையான் அதை எளிதில் நெருங்காது. பூவரசு இயல்பாகவே கடற்கரையோரத்து மரம்; ஈரத்தில் எளிதில் கெடாத அதன் கட்டையைப் படகுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வயிரம் பாய்ந்த பனஞ்சட்டமும் உறுதியில் குறைந்ததல்ல. ஆனால் கட்டிலுக்காகப் பனையை வெட்டலாகாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது. பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் கைமரங்களே இதற்கு ஏற்றவை. அவை உலர வேண்டிய மட்டும் உலர்ந்தவை. எந்த மரமானாலும் நிழலில் நன்றாக உலர்ந்ததா என்பதே முதற்கேள்வி. ஈரமரத்தில் செய்த கட்டில், மரம் சுருங்கும்போது மூட்டு நெகிழ்ந்து ஆடத் தொடங்கும்.

தச்சர் செய்யும் கட்டிலில் மற்றொரு லாபம் உண்டு. சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கிக் காலின் துளைக்குள் செலுத்தி, ஆப்பு வைத்து இறுக்குவார்கள். அந்த மூட்டில் இரும்பே கிடையாது. துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. நெகிழ்ந்தால் ஆப்பைத் தட்டினால் போதும்.

கயிற்றுக் கட்டில்

‘கட்டில்’ என்ற சொல்லே கட்டுவதிலிருந்து வந்தது போலும். ஆங்கிலேயர்கள் படுக்கைக்கு வழங்கும் ‘காட்’ என்ற சொல் இந்தியிலிருந்து அவர்களுக்குப் போயிற்று. அதன் வேரை நம் ‘கட்டி’லோடு சேர்த்துப் பார்க்கும் பண்டிதர்களும் உண்டு. நாலு கால், நாலு சட்டம், ஒரு கட்டுக் கயிறு. இதைவிடச் சுலபமாக வீட்டிலேயே பூட்டக்கூடிய கட்டில் உலகத்தில் இல்லை.

உப்புக் கரைக்குக் கயிற்றுக் கட்டில் மிகப் பொருத்தமானது. தேங்காய் நாரை உப்பங்கழியில் ஊறப்போட்டே பதப்படுத்துவது கேரளக் கரையின் வழக்கம். அந்நார் உப்புநீரைக் கண்டு அஞ்சுவதில்லை. அதனாலேயே கப்பலுக்கும் படகுக்கும் அதைக் கயிறாக்கினார்கள். பருத்தி நாடா உடம்புக்கு மெதுவானது; ஆனால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் நாடா ஈரத்துக்குக் கவலைப்படாது. வெயிலில் நெடுநாள் கிடந்தால் இற்றுவிடும்.

பின்னும்போது கால்மாட்டில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அங்கே தனிக் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். படுக்கை தொய்ந்தால் முழுவதையும் அவிழ்க்க வேண்டியதில்லை. அந்தக் கால்மாட்டுக் கயிற்றை இறுக்கினால் போதும். தொய்ந்த கட்டிலில் படுத்து எழுந்து, ‘கயிற்றுக் கட்டில் இடுப்பைக் கெடுக்கிறது’ என்று குறை கூறுவோர், அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்க்காதவர்களாகவே இருப்பார்கள்.

மடக்குக் கட்டில்

இடம் குறைந்த வீட்டில் மடக்குக் கட்டில் ஒரு வரப்பிரசாதம். இது மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்ததன்று. 1922-இல் எகிப்து தேசத்தில் துட்டன்காமன் என்ற இளம் அரசனின் கல்லறையைத் திறந்தபோது, மூன்றாக மடியும் மரக்கட்டில் ஒன்று வெண்கலக் கீல்களோடு கிடைத்தது. அதன் வயது மூவாயிரத்து முந்நூறு ஆண்டு! சுவருக்குள் நிமிர்ந்து மறைந்துகொள்ளும் கட்டிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலமாக்கியவர், அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வில்லியம் மர்பி. அவர் பெயரே அவ்வகைக் கட்டிலுக்குப் பொதுப் பெயராகிவிட்டது என்று 1989-இல் அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளிக்கும் அளவுக்கு அது பரவியது.

மடக்குக் கட்டிலைப் படத்தில் பார்த்து வாங்குவதைவிடக் கையால் தொட்டு வாங்குவதே மேல். கடையிலேயே பத்து முறை விரித்து மடக்கிப் பாருங்கள். விரித்த பின் பூட்டு ‘டக்’கென்று விழுகிறதா? விழுந்த பூட்டு, ஒருவர் விளிம்பில் உட்காரும்போது தானே விலகாமல் நிற்கிறதா? கீல்கள் ரிவெட்டு அடித்தவையா, போல்ட்டு போட்டவையா? ரிவெட்டு துருப்பிடித்தால் கட்டிலே போயிற்று, போல்ட்டானால் மாற்றிக்கொள்ளலாம். மடியும் இடத்தில் குழந்தையின் விரல் புகும் இடுக்கு இருக்கிறதா? இருந்தால், குழந்தைகள் அருகில் இருக்கும்போது அதை விரிக்கவோ மடக்கவோ கூடாது; மடக்கி வைத்ததை ஒரு வாரால் கட்டி வைக்க வேண்டும். கைக்குழந்தையை மடக்குக் கட்டிலில் தனியே உறங்க வைப்பது கூடவே கூடாது. நடுவில் பள்ளம் விழும் கட்டிலில் வயோதிகரை நாள்தோறும் படுக்க வைப்பதும் தகாது. மடக்குக் கட்டில் விருந்துக்கு உரியது. நித்தியப் படுக்கைக்கு நிலைக்கட்டிலே உரியது.

சுவர்க்கட்டிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் பாரம் முழுவதும் சுவரில் பதித்த சில ஆணிகளை நம்பி நிற்கிறது. அமெரிக்காவில் 2022-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுவர்க்கட்டில்கள், சுவரைவிட்டுக் கழன்று விழும் அபாயம் கருதியும் ஓர் உயிர் போனதன் காரணமாகவும் திரும்பப் பெறப்பட்டன. அங்கே இப்படியென்றால், உவர் அரித்துச் சாந்து உதிரும் நம் கடற்கரைச் சுவர்களில் எப்படி? உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிரும் சுவரில், எவ்வளவு பெரிய ஆணி அடித்தாலும் சுவர்க்கட்டில் பொருத்தலாகாது. உறுதியான செங்கற்சுவரிலோ கான்கிரீட் தூணிலோ, அனுபவமுள்ளவர் கையால்தான் பொருத்த வேண்டும்.

வீட்டிலேயே பூட்டும் முறை

1956-இல் ஸ்வீடன் தேசத்து ஐக்கியா கம்பெனியின் ஊழியர் ஒருவர், மோட்டார் வண்டிக்குள் ஒரு மேஜை நுழையவில்லையே என்று அதன் கால்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டு போனார். அந்தச் சின்னச் செய்கையிலிருந்தே, சாமானைத் துண்டாக விற்று வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் வழக்கம் அக்கம்பெனியில் வளர்ந்தது என்பார்கள். 2018-இல் அக்கம்பெனி ஹைதராபாத்தில் கடை திறந்தது. இன்று அதே மாதிரியில் நம்மவர்களும் செய்து அனுப்புகிறார்கள். இக்கட்டில்களைப் பூட்டுவது பிரம்ம வித்தையல்ல. பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் இருவர் முடித்துவிடலாம்.

வாங்குமுன் அளவு எடுங்கள். ஒற்றைக் கட்டில் சாதாரணமாக 75 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் உள்ளது. இரட்டைக் கட்டிலுக்கு அகலம் 60 அல்லது 72 அங்குலம். மெத்தை ஏற்கெனவே இருந்தால் அதன் அளவையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். அறையை அளந்தால் போதாது. வாசற்படி, நடையின் திருப்பம், மாடிப்படியின் வளைவு இவற்றையும் அளக்க வேண்டும். பழைய வீடுகளின் குறுகிய நிலைவாசலில் பூட்டிய கட்டில் நுழையாது. ஆகையால் எந்த அறையில் படுக்கப் போகிறீர்களோ அதே அறையில் வைத்தே பூட்டுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் ஆணியைத் தேடி ஓடாதீர்கள். முதலில் பாயை விரித்து, எல்லாத் துண்டுகளையும் வரிசையாக அடுக்கி, ஜாபிதாவோடு எண்ணிப் பார்க்க வேண்டும். ஆணிகளை வகைவகையாகக் கிண்ணங்களில் இடுங்கள். ஒன்று குறைந்தாலும் பூட்டத் தொடங்காமல் கடைக்கு எழுதிப் பெறுங்கள். ‘ஒரு ஆணிதானே’ என்று விட்டுவிட்ட ஆணியின் இடத்தில்தான் பின்னால் கட்டில் ஒடியும்.

அடுத்து, தலைமாட்டுப் பலகையையும் நெடுஞ்சட்டங்களையும் கால்மாட்டையும் சேர்த்து, எல்லா ஆணிகளையும் கையால் செல்லும் மட்டும் திருகி விடுங்கள். எதையும் முழுக்க இறுக்கலாகாது. முதல் மூலையை உடனே இறுக்கிவிட்டால் நான்காம் மூலையில் துளைகள் நேர்படாது. பலவந்தமாகச் செலுத்தினால் மரை கெட்டுவிடும். செலுத்துமுன் ஒவ்வோர் ஆணியின் மரையிலும் சிறிது கிரீஸோ வாஸ்லினோ தடவுங்கள். உப்புக் காற்று உள்ளே புகாமல் இருக்கவும், நாலைந்து வருஷம் கழித்து அதே ஆணி கழலவும் இதுவே உபாயம்.

நான்கு மூலையும் சேர்ந்த பின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். 75-க்கு 36 அங்குலச் சட்டமானால் குறுக்களவு 83 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். இரு குறுக்களவுகளும் சமமாக இருந்தால் கட்டில் சதுரமாக நிற்கிறது. ஒன்று நீண்டால் அந்த மூலையை மெல்லத் தள்ளிச் சரி செய்ய வேண்டும். பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்து, எதிரெதிர் மூலைகளாக, மாறி மாறி இறுக்குங்கள். இரட்டைக் கட்டிலில் நடுச்சட்டத்தின் கால் தரையைத் தொடுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும் கால் பாரத்தைத் தாங்காது. குறுக்குப் பலகைகளுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ரப்பர் மெத்தை அதில் புதையும். கட்டிற்கால்களின் அடிப்பாகத்தில் மெழுகு உருக்கித் தடவி, ரப்பர் குல்லாவும் மாட்டினால் தரையின் ஈரம் மரத்தில் ஏறாது.

பூட்டிய ஒரு மாதம் கழித்து எல்லா ஆணிகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். பிறகு வருஷத்துக்கு இருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், பார்த்தால் போதும். ஆறுமுனை ஆலன் சாவியை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிலின் அடியிலேயே கட்டி வையுங்கள்; தேடும்போது அகப்படாத சாமான்களில் அதற்கே முதல் இடம். ஒவ்வொரு மூட்டிலும் இணையும் இரு துண்டுகளுக்கும் ஒரே எண்ணை எழுதி வைத்தால், வெள்ளம் வரும் என்று செய்தி கேட்ட அன்று அரைமணி நேரத்தில் கழற்றிப் பரணில் ஏற்றிவிடலாம். மூட்டைப்பூச்சி புகுந்தாலும் இதே முறைதான்: மரக்கட்டிலானால் துண்டு துண்டாகக் கழற்றி, மூட்டுகளில் கொதிக்கும் நீர் ஊற்றி, வெயிலில் போட வேண்டும்.

கட்டில் யாருக்கு?

கட்டில் நல்லதாகவே அமைந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அதில் படுப்பவர் யார்? சம்பாதிப்பவர் என்று குடும்பத் தலைவரும், படிப்பவன் என்று மூத்த பிள்ளையும் கட்டிலில் படுக்கிறார்கள். எல்லோருக்கும் பின் உறங்கி எல்லோருக்கும் முன் எழும் தாய், அடுக்களையின் ஓரத்தில் தலையணையும் இல்லாமல் தரையில் சுருண்டு கிடக்கிறாள். உப்புப் பாத்திகளில் விடியுமுன் இறங்கி வெயில் ஏறியபின் கரையேறும் பெண்களின் வீடுகளிலும், உத்தியோகஸ்தர் வீடுகளிலும், இந்த ஒரு விஷயத்தில் பேதம் அதிகம் இல்லை. கட்டுவிரியன் ஆண் பெண் பார்த்துக் கடிப்பதில்லை. தரையில் இருப்பவரைக் கடிக்கிறது.

புறநானூற்றில் ஒரு வரலாறு உண்டு. மோசிகீரனார் என்ற புலவர் வழிநடந்த களைப்பில், சேரன் அரண்மனையில் முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல் அதன்மேல் ஏறி உறங்கிவிட்டார். அது பெருங்குற்றம். முரசோடு நீராடச் சென்றிருந்தவர்கள் திரும்பியபோது, மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அவரைத் தண்டிக்கவில்லை. விசிறியை எடுத்து அவர் எழும்வரை வீசிக்கொண்டு நின்றான். அரசனுடைய கட்டிலாயினும் அந்த நேரத்தில் அது களைத்தவருக்கு உரியது என்பதை அவன் அறிந்திருந்தான்.

ஆகவே அடுத்த கட்டில் வாங்கும் குடும்பத்தார், வீட்டில் இன்னும் தரையில் படுப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்து, அவருடைய முழங்கால் உயரத்துக்கு அளவெடுத்து வாங்கட்டும். கூடுமானால் அதை உள்ளூர்த் தச்சரிடம் செய்யச் சொல்லட்டும். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய தஞ்சைத் தமிழர் ஜே. ஸி. குமரப்பா, ஒரு பொருளை வாங்குகிறவருக்கும் அது உண்டான விதத்தில் பொறுப்பு உண்டு என்று ஓயாமல் வற்புறுத்தி வந்தார். தச்சர் கை மூட்டு நெகிழ்ந்தால் ஆப்பு அடிக்க அவரே வருவார். அட்டைப் பெட்டியில் வந்த கட்டிலுக்கு அத்தகைய உறவு கிடையாது. பெட்டிக் கட்டிலே வாங்கத்தான் நேர்ந்தாலும் பாதகமில்லை: ஆணியை மாற்றுங்கள், மரையில் கிரீஸ் தடவுங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் பெண்களையும் கூட்டி வைத்துச் சேர்ந்து பூட்டுங்கள். தாமே பூட்டிய கட்டிலைத் தாமே செப்பனிடவும் அவர்கள் அறிந்திருப்பார்கள். அன்று இரவு முதன்முதலில் அதில் அம்மா படுக்கட்டும்.